அவள் வீட்டில் சும்மா இருக்கிறாளா?

2027-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 1-ஆம் தேதியைக் குறிப்புத் தேதியாகக் கொண்டு, பனி மூடும் சில பிரதேசங்கள் நீங்கலாகத் தேசமெங்கும் ஜனத்தொகைக் கணக்கு எடுக்கப்படும் என்று இந்திய சர்க்கார் 2025 ஜூன் 16-ஆம் தேதி கெஜட்டில் விளம்பரம் செய்தார்கள். 2011-க்குப் பிறகு எடுக்கப்படும் முதற் கணக்கு இதுவே. 2021-ல் நடந்திருக்க வேண்டியது கொள்ளைநோயின் காரணமாகத் தள்ளிப்போயிற்று. இந்தக் கணக்கில் ஜாதியும் கேட்டெழுதப்படும் என்று தீர்மானமான நாள் முதல், நமது மேடைகளிலும் பத்திரிகைகளிலும் அந்த ஒரு கலத்தைப் பற்றியே ஓயாத விவாதம் நடந்து வருகிறது. அவ்விவாதம் வேண்டாததென்று நாம் சொல்லவில்லை. ஆனால் அதே படிவத்தில் தொழிலைப் பற்றியும் ஒரு கலம் உண்டு. அதில் நம் நாட்டுக் குடியானவர்கள் பல்லாண்டுகளாக ஒரு பொய்யை எழுதச் செய்து வருகிறார்கள். அந்தப் பொய்யைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கக் காணோம். இன்று அதையே பேச விரும்புகிறோம்.

கணக்கெடுக்க வருகிறவர் வாசலில் நின்று, "உங்கள் சம்சாரத்துக்கு என்ன தொழில்?" என்று கேட்கிறார். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் வீட்டுக்காரர், "அவள் வீட்டில் சும்மாதான் இருக்கிறாள்" என்கிறார். வந்தவரும் அப்படியே குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறார். அப்பொழுது அந்த அம்மாள் எங்கே இருக்கிறாள்? பெரும்பாலும் வீட்டில் இல்லை. வீட்டிலிருந்தால் தனக்குத் தொழிலுண்டா இல்லையா என்பதை அவளே சொல்லியிருப்பாள்.

மதுரை ஜில்லாவில் வானம் பார்த்த காடும் கிணற்றுப் பாய்ச்சலும் கலந்த ஒரு கிராமத்தை எடுத்துக்கொள்வோம். 2015-16 விவசாயக் கணக்கின்படி தமிழ்நாட்டில் ஒரு சாகுபடியாளர் வசமுள்ள நிலம் சராசரி 0.75 ஹெக்டேர்; இரண்டு ஏக்கருக்கும் குறைவு. ஆகையால் நமது உதாரணத்துக்கு இரண்டு ஏக்கர், ஒரு கிணறு, இரண்டு கறவைப் பசு, நாலு வெள்ளாடு, சில கோழிகள் என்று வைத்துக்கொண்டால் மிகையாகாது. அந்த வீட்டில் விடியற்காலம் நாலரை மணிக்கு எழுந்திருப்பவள் யார் என்பதை வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதல் வேலை தொழுவம். சாணியை வாரி எருக்குழியில் கொட்ட வேண்டும். ஈரத்தைக் கூட்டித் தள்ள வேண்டும். தவிடும் புண்ணாக்கும் கரைத்து மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும். மடியைக் கழுவிப் பால் கறந்து, சங்கத்து வண்டி வருவதற்குள் கொண்டுபோய் அளக்க வேண்டும். பாலில் கொழுப்புக் குறைந்தால் விலை குறையும். ஆதலால் எந்தத் தீவனத்துக்கு எந்த மாடு எப்படிக் கறக்கிறது என்பது அவளுக்கு மனப்பாடம். பால் கணக்குப் புஸ்தகத்தில் எழுதியிருக்கும் பெயரோ பல வீடுகளில் அவள் பெயரல்ல.

இதற்குப் பிறகு அடுப்பு, பிள்ளைகள், பள்ளிக்கூடம். எட்டு மணிக்குள் அவள் காட்டில் இருக்கிறாள். நிலக்கடலை விதைத்து 20, 25 நாளில் முதற் களை எடுக்க வேண்டும். 40, 45 நாளில் இரண்டாங் களையெடுத்து ஜிப்சம் போட்டு மண் அணைக்க வேண்டும். விழுது மண்ணில் இறங்கின பிறகு செடியை அசைத்தால் காய் பிடிக்காது. அதற்குமேல் களைக்கொத்தை நீட்டக் கூடாது. எந்த நாள் வரையில் கொத்தலாம், எந்த நாள் முதல் கூடாது என்பதை அவளுக்கு எந்தக் கலாசாலையும் கற்பிக்கவில்லை. குனிந்த முதுகு நிமிராமல் ஒரு காட்டைக் கொத்தி முடிப்பதற்கு எத்தனை நாள் பிடிக்குமென்பதை, ஒரு நாளேனும் கொத்திப் பார்த்தவரே அறிவார். நம்மைப் போன்று மேஜையின் முன் உட்கார்ந்து குடியானவனின் துயரைப் பற்றி எழுதுகிறவர்கள் சொன்னால் அது பாதியும் விளங்காது.

வெயில் ஏறின பிறகு புல்லறுப்பு. ஒரு கட்டுப் புல்லைத் தலையில் சுமந்துகொண்டு வீடு திரும்பும்பொழுது, அவிழ்த்துக் கட்டின ஆடுகளும் கூடவே வரும். பிற்பகலில் காயப்போட்ட தானியத்தைத் துழாவ வேண்டும், புடைக்க வேண்டும், கோழி கொத்தாமல் காக்க வேண்டும். கடலை பறிக்கும் காலமானால் செடியிலிருந்து காயை ஆய்ந்து களத்தில் பரப்பி உலர்த்த வேண்டும். திடீரென்று மேகம் திரண்டுவிட்டால், அவ்வளவு காயையும் வாரிக் கூட்டித் தார்ப்பாயால் மூடும்வரை ஓட்டம்தான். நனைந்த கடலை பூஞ்சை பிடித்தால் வியாபாரி பாதி விலைக்குக்கூடக் கேட்கமாட்டான். மாலையில் மறுபடியும் தொழுவம், மறுபடியும் கறவை, மறுபடியும் அடுப்பு. பசு ஈனும் இரவானால் உறக்கமே கிடையாது. கன்று விழுந்த பிறகும் நஞ்சுக்கொடி விழுகிறவரையில் அரிக்கேன் விளக்கு வைத்துக்கொண்டு காத்திருந்த காலம் போய், இப்பொழுது கைபேசியின் வெளிச்சத்தில் காத்திருக்கிறாள். மாறினது விளக்கு மட்டுமே.

அடுத்த பருவத்துக்கு விதை வைக்கிறவளும் அவளே. நல்ல காயாகப் பார்த்து முற்றவிட்டு, கத்தரி விதையைச் சாம்பலில் புரட்டி நிழலில் உலர்த்துகிறாள். அவரையையும் பூசணியையும் தனித்தனியே முடிந்து வைக்கிறாள். சோளக் கதிரை அடுப்புப் புகை படும்படி கட்டித் தொங்கவிடுகிறாள். பருவம் பிறந்ததும் குடியானவன், "விதை எங்கே?" என்று அவளைத்தான் கேட்கிறான்.

குடியானவன் சோம்பேறி என்று நாம் சொல்வதாக எவரும் நினைக்க வேண்டாம். மும்முனை மின்சாரம் நள்ளிரவில் வந்தால் நள்ளிரவில் எழுந்து மோட்டார் போட்டு மடை திருப்புகிறவன் அவன். மருந்தடிப்பவன், வரப்பு வெட்டுகிறவன், கடனுக்காகப் படியேறுகிறவன், சந்தையில் விலை கேட்டு மனம் குன்றித் திரும்புகிறவன் எல்லாம் அவனே. ஆனால் நாம் கவனிக்க வேண்டிய ஒரு மாறுதல் சென்ற ஐம்பது வருஷங்களில் நடந்திருக்கிறது. ஆண்மக்கள் செய்துவந்த பாரமான வேலைகள் ஒவ்வொன்றாக இயந்திரத்துக்குப் போயின. ஏருக்குப் பதிலாக டிராக்டர், கவலைக்குப் பதிலாக மோட்டார், போரடிக்குப் பதிலாக அறுவடை இயந்திரம் வந்துவிட்டது. களைக்கும் சாணிக்கும் புல்லுக்கும் கறவைக்கும் இத்தகைய சிறு பண்ணையில் பெரும்பாலும் கையைத் தவிர வேறு இயந்திரம் வரவில்லை. அதனால் ஓய்ந்த ஆண்மகன் திருப்பூருக்கோ சென்னைக்கோ கூலிக்குப் போகிறான். பண்ணையின் பாரம் முன்னிலும் அதிகமாக அவள்மேல் இறங்குகிறது. பல கிராமங்களில் இன்று விவசாயம் நடக்கிறதென்றால் அது அவளால் நடக்கிறது. விவசாயி என்ற பெயர் மட்டும் திருப்பூருக்குப் பஸ் ஏறிப் போய்விட்டது.

இனி, சர்க்கார் வகுத்திருக்கும் இலக்கணம் என்ன என்று பார்ப்போம். இந்த விஷயத்தில் சர்க்காரைக் குறை சொல்ல நமக்கு அதிக இடமில்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். 1991-ஆம் வருஷக் கணக்கிலேயே, வேலை செய்தாரா என்ற கேள்வியோடு, 'பண்ணையிலோ குடும்பத் தொழிலிலோ கூலியின்றிச் செய்யும் வேலை உட்பட' என்ற கருத்துள்ள சொற்கள் சேர்க்கப்பட்டன. 2001-ல், வீட்டு உபயோகத்துக்கென்றே பயிர் செய்பவரும், பால் உற்பத்தி செய்பவரும் கூட வேலை செய்பவர்களே என்று ஏற்கப்பட்டது. வருஷத்தில் ஆறு மாதம் வேலை செய்தவர் முழு வேலையாளர். அதற்குக் குறைந்தவர் குறுவேலையாளர். கறவை மாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது, தீபாவளியும் கிடையாது. வருஷத்தின் 365 நாளும் தொழுவத்தில் நிற்கிறவள், இந்த இலக்கணப்படி முழு வேலையாளர் என்பதில் எந்த வக்கீலும் ஆட்சேபிக்க முடியாது. மேலும் ஒரு வேடிக்கை: அந்த இலக்கணத்தின்படி சாகுபடியைப் பார்த்து நடத்தும் மேற்பார்வையும் சாகுபடியே. ஆகவே திண்ணையிலிருந்து வேலை ஏவுகிறவர் சட்டப்படி சாகுபடியாளர். ஏவின வேலையைக் காட்டில் செய்து முடிக்கிறவள் 'சும்மா இருக்கிறவள்'!

இன்னொன்றும் உண்டு. அதே அம்மாள் பக்கத்துக் காட்டுக்காரரிடம் ஒரு நாள் களையெடுக்கப் போனால் அவளுக்குக் கூலி கிடைக்கிறது. ஆணுக்குக் கொடுப்பதைவிடக் குறைந்த கூலிதான். என்றாலும் அவள் அன்றைக்கு விவசாயத் தொழிலாளி. மறுநாள் தன் காட்டில் அதே களைக்கொத்தைப் பிடித்து அதே வேலையைச் செய்தால் அவளுக்குத் தொழிலில்லை. கூலி கொடுத்தால் வேலை, கொடுக்காவிட்டால் வேலையில்லை என்ற இந்த விசித்திர நியாயம் நம் வீடுகளிலேயே உண்டாகி நம் வாயினாலேயே கணக்கில் ஏறுகிறது.

நியாயஸ்தலங்கள் இதைக் கவனியாமல் இல்லை. ஒரு மோட்டார் விபத்து நஷ்டஈட்டு வழக்கில் 2010-ஆம் வருஷம் தீர்ப்பளித்த சுப்ரீம் கோர்ட்டு நீதிபதி ஏ.கே. கங்குலி அவர்கள், 2001-ஆம் வருஷ ஜனத்தொகைக் கணக்கில் சுமார் 36 கோடி ஸ்திரீகள் வேலையற்றோராகக் காட்டப்பட்டதையும், வீட்டுவேலை செய்யும் ஸ்திரீகள் பிச்சைக்காரர்களோடும் கைதிகளோடும் ஒரே வரிசையில் வைக்கப்பட்டதையும் கடுமையாகக் கண்டித்தார். 2021 ஜனவரியில் அதே கோர்ட்டு, மற்றொரு விபத்து வழக்கில், 2019-ஆம் வருஷக் காலக் கணக்கெடுப்பை எடுத்துக்காட்டியது. கூலியில்லாத வீட்டுவேலைக்கு ஸ்திரீகள் நாளொன்றுக்கு 299 நிமிஷமும், புருஷர்கள் 97 நிமிஷமும் செலவிடுகிறார்கள் என்பது அக்கணக்கு. கிராமத்து ஸ்திரீகள் விதைப்பிலும் நடவிலும் அறுவடையிலும் உதவுகிறார்கள், கால்நடையையும் பராமரிக்கிறார்கள் என்றும் அத்தீர்ப்பு சொல்லிற்று. நமது சென்னை ஹைகோர்ட்டு 2023 ஜூன் மாதத்தில், குடும்பத்தை நடத்தும் மனைவியின் உழைப்பும் கணவன் சொத்துச் சேர்ப்பதற்கு உதவின உழைப்பே. அச்சொத்தில் அவளுக்குப் பங்குண்டு என்று தீர்மானித்தது.

இத்தீர்ப்புகளை நாம் வரவேற்கிறோம். எனினும் இரண்டு வார்த்தை சொல்லாமலிருக்க முடியவில்லை. முதலாவது, விபத்து வழக்குகளில் அவளுடைய உழைப்புக்கு விலை போடப்படுவது எப்பொழுது? லாரிச் சக்கரத்தின் கீழ் அவள் மாண்ட பிறகு. உயிரோடிருந்த நாளில் ஒரு காசுக்கும் மதிக்கப்படாத உழைப்பு, நஷ்டஈட்டு மனுவில் மட்டும் மாதம் இத்தனை ரூபாய் என்று ஏறுகிறது. இரண்டாவது, 'உதவுகிறார்கள்' என்ற சொல். நடவும் களையும் கறவையும் அவள் கையில் இருக்க, யார் யாருக்கு உதவுகிறார்கள்? அவ்வளவு நல்ல தீர்ப்பிலும் அந்தச் சொல் நுழைந்தது நம் பேச்சு வழக்கத்தின் வலிமையையே காட்டுகிறது.

"கணக்கில் எப்படி எழுதினால் என்ன? அதனால் அவள் வயிறு நிறையுமா?" என்று சிலர் கேட்கலாம். கேட்பவர்கள் ஒருமுறை கிராம நிர்வாக அதிகாரியின் அலுவலகத்துக்குப் போய் வர வேண்டும். இத்தேசத்தில் விவசாயி என்பதற்கு இன்று அத்தாட்சி பட்டாவும் சிட்டாவும் அடங்கலும்தான். 2019-ல் ஆரம்பித்த பிரதம மந்திரியின் உதவித்தொகை, வருஷம் 6,000 ரூபாய், நில ஆவணத்தில் பெயருள்ளவருக்கே. கூட்டுறவுச் சங்கத்துப் பயிர்க்கடனும் வெள்ள நிவாரணமும் அதே காகிதத்தைப் பார்த்தே வழங்கப்படுகின்றன. 2025-ல் விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் கொடுக்கும் வேலை தொடங்கினபோதும் நில ஆவணமே அடிப்படையாயிற்று. இந்தியா முழுவதிலும் ஸ்திரீகள் பெயரில் நடக்கும் சாகுபடி நூற்றுக்குச் சுமார் 14 என்று 2015-16 விவசாயக் கணக்கு சொல்கிறது. கணவன் வெளியூரில் இருக்கும்பொழுது பயிர் அழிந்தால், பயிரிட்டவள் நிவாரணம் கேட்கப் போக முடியாது. அவன் இறந்துவிட்டாலோ, பட்டா மாமனார் பெயரில் கூட்டாக இருக்கும். மைத்துனர்கள் கையெழுத்துப் போட்டாலொழிய அவளுக்கு உரக் கடனும் பிறக்காது. நியாய விலை நிர்ணயிக்கும்பொழுது மட்டும், 2018-லிருந்து, கைப்பணச் செலவோடு குடும்பத்தார் உழைப்பின் மதிப்பையும் கூட்டி அதன்மேல் பாதி வைப்பதாகச் சர்க்கார் சொல்லுகிறார்கள். அந்த உழைப்பில் பெரும்பகுதி யாருடையது? நெல்லோ கடலையோ விற்ற ரசீதில் யார் பெயர் இருக்கிறது?

சட்டம் கொடுத்த பாத்தியதையையும் நாம் வீட்டுக்குள்ளேயே தின்றுவிடுகிறோம். பெண்மக்களுக்குப் பூர்விகச் சொத்தில் சமபங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் செய்தது. தேசம் முழுவதற்கும் அது 2005-ல்தான் வந்தது. பதினாறு வருஷம் முந்திக்கொண்டோம் என்று மார் தட்டிக்கொள்கிறோம். ஆனால் ரிஜிஸ்திரார் ஆபீசுகளில், சகோதரிகள் சகோதரர்களுக்கு எழுதிக் கொடுக்கும் விடுதலைப் பத்திரங்கள் இன்றும் குறைந்தபாடில்லை. சீர் செய்தாயிற்று, கலியாணம் செய்தாயிற்று, இனி நிலம் எதற்கு என்று கேட்கிறார்கள். பெண்ணின் பெயரில் பட்டா போனால் நிலம் மருமகன் வீட்டுக்குப் போய்விடும் என்ற பயத்தையும் நாம் அறிவோம். நிலத்தை மார்வாரிக் கடைக்கும் மனைத்தரகருக்கும் ஒப்படைத்தவர்கள் பெண்மக்களா, அவர்களுடைய சகோதரர்களா என்பதை அப்படிப் பயப்படுகிறவர்கள் தங்கள் தங்கள் கிராமத்திலேயே விசாரித்துக்கொள்ளட்டும்.

கும்பகோணத்தில் பிறந்த டாக்டர் எம்.எஸ். சுவாமிநாதன், ராஜ்ய சபையில் அங்கத்தினராக இருந்தபோது, 2012 மே மாதத்தில் பெண் விவசாயிகள் உரிமை மசோதா ஒன்றைத் தனி அங்கத்தினர் மசோதாவாகக் கொண்டுவந்தார். நிலம் தன் பெயரில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பயிர் செய்யும் ஸ்திரீ விவசாயியே. கிராம சபையின் சம்மதத்தோடு பஞ்சாயத்து அவளுக்கு அத்தாட்சிப் பத்திரம் தர வேண்டும் என்பது அதன் சாரம். 2013-ல் அவருடைய பதவிக்காலம் முடிந்தது, மசோதாவும் காலாவதியாயிற்று. 2023 செப்டம்பரில் அவர் காலமானபோது இரங்கல் தெரிவிக்காத கட்சி இல்லை. அந்த மசோதாவை மறுபடியும் எடுத்து நிறுத்துவோம் என்று சொன்ன கட்சி எது என்று நமது வாசகர்கள் அந்தந்தக் கட்சிக் காரியாலயத்தில் கேட்டுப் பார்க்கலாம். ஐக்கிய நாட்டு ஸ்தாபனம் 2026-ஆம் வருஷத்தைப் பெண் விவசாயிகளின் சர்வதேச வருஷமென்று பெயரிட்டது. பெயரிடுவதில் உலகம் நமக்குச் சளைத்ததல்ல.

டெல்லி மசோதா வரும்போது வரட்டும். கிராம சபை நம் கையில் இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய தினங்களில் கூடும் சபையில், இவ்வூரில் பயிர் செய்யும் ஸ்திரீகள் இன்னின்னார் என்று பெயர் பெயராக வாசித்துத் தீர்மானம் நிறைவேற்றுவதற்கு எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. குத்தகை நிலத்தில் பாடுபடுகிறவளையும் அதில் சேர்க்க வேண்டும். ஜனத்தொகைக் கணக்கின் இலக்கணமே குத்தகைக்கும் வாரத்துக்கும் பயிரிடுபவரைச் சாகுபடியாளர் என்கிறது. நிலமிருக்கும் தேசபக்தர்கள் தங்கள் பட்டாவில் மனைவியின் பெயரைச் சேர்ப்பதை மேடைக்குப் போகுமுன் செய்துவிட்டுப் போனால் அவர்கள் பேச்சைக் கேட்க நாமும் வருவோம்.

கணக்கெடுப்பு விஷயத்தில் நமது கோரிக்கை மிகச் சிறியது. காங்கிரஸ்காரரானாலும், திராவிட இயக்கத்தாரானாலும், பொதுவுடைமைக்காரரானாலும், வேறு எக்கட்சியாரானாலும், ஜாதிக் கலத்தில் என்ன எழுத வேண்டுமென்று ஊர் ஊராகச் சொல்லப் போகிற தொண்டர்கள், அதே நடையில் தொழில் கலத்தையும் சொல்லிவிட்டு வரட்டும். இம்முறை கைபேசியிலேயே விவரம் பதியப்போகிறார்கள். குடும்பத்தார் தாமாகவே பதிந்துகொள்ளவும் வசதி உண்டாம். அப்படிப் பதிகிற கை பெரும்பாலும் படித்த மகனின் கையாக இருக்கும். தாயின் தொழிலைக் குறிக்குமுன் அவன் தாயைக் கேட்க வேண்டும். கணக்கெடுப்பவர் நேரில் வருவதானால், காலையில் அவர் வரும் வேளைக்கு அந்த அம்மாள் வீட்டில் இருக்கமாட்டாள். சாயங்காலக் கறவை முடிந்து ஏழு மணிக்கு மேல் வரச் சொல்லுங்கள். அல்லது காட்டுக்கு வழி காட்டுங்கள்.